ஒன்பது மணிப் பள்ளிக்கூடம்

அதிபர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. காது கேளாத பிள்ளையைச் சேர்க்க வந்த தாயைப் பார்த்து யாரும் அப்படி வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பதில்லை. அவருக்கு முன்பு இருந்த அதிபர், நான் போகும்போதெல்லாம் "பாப்பம், பாப்பம்" என்று காலத்தை ஓட்டிவிட்டு மாற்றலாகிப் போனவர். இவரோ தானே கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும் பிள்ளை. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எல்லாப் பிள்ளையளும் ஒண்டா இருந்து படிக்கிறதுதான் இப்ப முறை. மூண்டாம் வகுப்பிலை விடுவம்" என்றார்.

முறை நேற்றா வந்தது? பழைய அதிபரின் மேசையிலும் அந்த உத்தரவு கிடந்திருக்கும். நான் நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்பவள். மூட்டையைப் பிரித்துக் கைவிட்டுப் பார்க்காமல் அரிசியையே நம்பமாட்டேன், சிரிப்பை நம்புவேனா? வீட்டுக்கு வரும் வழியில் விசயம் விளங்கிவிட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக யாழ்ப்பாணப் பக்கமும் வெளிநாட்டுக்குமாய்ப் போய், வகுப்புகளில் இருக்க ஆளில்லாத வாங்குகள்தான் மிச்சம் இருந்தன. பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊரில் கதை. அதிபருக்கு ஒரு தலை தேவை. அந்தத் தலையில் காது வேலை செய்கிறதா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

ஆனாலும் சேர்த்தேன். சேர்க்காவிட்டால் மிஞ்சுவது கடல் கடந்த விடுதிப் பள்ளிக்கூடம். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நல்லாய்ப் படிப்பிப்பார்கள் என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். அது பொய்யில்லை. ஆனால், காய்ச்சல் வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வாள் என்று நினைத்தாலே எனக்கு நித்திரை வராது. அவள் பேச்சு முழுவதும் கையும் முகமும்தான். அது நானும் அவளும் குசினிக்குள் இருந்து உண்டாக்கின பாசை. தகப்பனுக்கே பாதிதான் விளங்கும். ஊரில் யாரிடமாவது அவள் கையசைத்தால், அவர்கள் அவளைப் பார்க்காமல் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணக்கு அவள் என் கடையில் கற்றது. தராசில் படிக்கல்லை வைப்பேன், அவள் விரலில் காட்டுவாள். மூன்றாம் வகுப்புக் கணக்கெல்லாம் அவளுக்கு வாய்க்குள் போட்ட சீனி. பள்ளிக்கூடத்தில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், கடைசி வாங்கில் இருத்தி வைத்து ஆள் கணக்குக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. மணி அடிப்பது ஏழரைக்கு. பிரார்த்தனை, தேவாரம், அதிபரின் அறிவுரை எல்லாம் அப்போதே நடக்கும். ஆனால் படிப்பிக்கிற ஆசிரியர்களில் அநேகம் பேர் பெருநிலப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். விடியப் பஸ் பிடித்து, குறிகட்டுவான் துறையில் படகேறி, இங்கே இறங்கி வகுப்புக்கு வர ஒன்பது ஆகிவிடும். காற்று எழும்பினால் அன்றைக்கு வரவே மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கடல் யாருக்கும் மணிக்கூடு பார்த்து நடப்பதில்லை. அதுவரை பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளும். அதாவது, யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

அந்த இடைநேரம்தான் எனக்குப் பயம். காது கேளாத பிள்ளையை வைத்துச் சிறுசுகள் என்னென்ன கூத்து ஆடுங்களோ. நான் கடைக்குப் போகிற வழி பள்ளிக்கூட மதிலோரம். எங்கள் ஊர் மதில்கள் பூச்சில்லாமல் கடற்கல்லை அடுக்கிக் கட்டினவை, கண்ணை வைத்தால் மறுபக்கம் தெரியும். செருப்பில் கல் குத்தியதுபோல் குனிந்து நின்று பார்ப்பேன். வழியில் போகிறவர்கள் "என்ன பிள்ளை, திரும்பவும் கல்லோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

முதல் மாதத்திலேயே பார்த்தேன். வேப்பமரத்தின் கீழே வகுப்புப் பிள்ளைகள் வட்டமாய் நிற்கிறார்கள், நடுவில் என் மகள். ஒருத்தி கன்னம் இரண்டையும் ஊதிக்கொண்டு வாயைக் கையால் பொத்துகிறாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு இரத்தம் தலைக்கேறியது. வாய் பேசாத பிள்ளையை நக்கலடிக்கிறார்கள் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள். அன்று பின்னேரம் மகளும் குசினியில் நின்று அதே கன்னத்தை ஊதினாள். யாரடி சொல்லித்தந்தது என்று கையால் கேட்டேன். சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பக்கத்து வளவுப் பிள்ளை அவளோடு ஒரே வகுப்பு. படலையடியில் மறித்துப் பிடித்தேன்.

"என்னடி அது, கன்னத்தை ஊதிறது? என்ரை பிள்ளைக்குப் பட்டம் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை மாமி, அது அவாக்கு இல்லை."

"அப்ப ஆருக்கு?"

"சொன்னால் ரீச்சருக்குச் சொல்லக்கூடாது." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரீச்சருக்குத்தான் மாமி. ரீச்சர் படகிலை சத்தி எடுத்துக்கொண்டு வாறவா."

எங்கள் தீவில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கு வழி கேட்கவும் ஏலாது. பிள்ளைகள் அந்த வழக்கத்தையே விரலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிபருக்கு ஒன்று, மணியடிக்கிற அண்ணைக்கு ஒன்று, வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எனக்கு அரைவாசி நிம்மதி. மற்ற அரைவாசி, இவ்வளவு அக்கறையாய் இந்தப் பிள்ளைகள் ஏன் கைப்பாசை பழகுகின்றன என்று முளைத்த புதுச் சந்தேகம். காரணமில்லாமல் யார் கஷ்டப்படுவார்கள்?

ரீச்சர் சின்னப் பெண். டவுனில் பிறந்து வளர்ந்தவள், கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்துப் படகால் இறங்கும்போதே முகம் வெளுத்திருக்கும். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொல்லுவாள், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு அவளின் கொண்டைதான் தெரியும். தவணை பாதியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அம்மா, மகள் கணக்கெல்லாம் சரியாச் செய்யிறா. ஆனால் நான் சொல்லுற ஒண்டும் அவாக்குக் கேக்காது. பக்கத்திலை இருக்கிற பிள்ளையைப் பாத்து எழுதுறா எண்டு நினைக்கிறன்."

"ரீச்சர், அவள் கணக்கிலை கெட்டிக்காரி."

"எல்லா அம்மாமாரும் அப்பிடித்தான் சொல்லுறவை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "கோவிக்காதேங்கோ. அவாவைத் தனிய முன்னுக்கு இருத்துறன். அப்ப உண்மை தெரியும்."

வகுப்புக்கெல்லாம் முன்னால், தனி மேசை, தனிக் கதிரை. என் பிள்ளையைக் கள்ளனைப்போல் தனியே இருத்திவிட்டாளே என்று கடையில் நின்று கொதித்தேன். கொதிப்பில் வாயும் கொஞ்சம் நீண்டுவிட்டது. "எங்கடை பள்ளிக்கூடம் ஏழரைக்கோ துவங்குது? படகு வந்தால்தானே துவங்குது. அதுக்குள்ளை என்ரை பிள்ளை மற்றவையைப் பாத்து எழுதுறா எண்டு கண்டுபிடிச்சிட்டா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். நாலு பேர் கேட்டால் தீவே கேட்ட மாதிரி.

மதிலோரம் நின்று பார்த்தேன், அரைச்சுவர் வகுப்பு, உள்ளே தெரியும். முன்னால் தனியாய் இருந்தாலும் அவள் வாடவில்லை. எழுதுவாள், பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை ஆட்டுவாள். பூச்சி ஏதும் கடித்துவிட்டதோ என்று அன்று முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டேன்.

தவணைச் சோதனை முடிந்து வந்த திங்கட்கிழமை, அதிபர் ஆள் அனுப்பினார். கந்தோருக்குள் போனால் அதிபர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. பக்கத்தில் ரீச்சர், அழுததுபோல் கண் சிவந்து இருந்தாள். மேசையில் கணக்குத் தாள்கள்.

"உமக்கு ரீச்சரிலை என்ன கோவம்?" என்று அதிபர் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீச்சர்தான் சொன்னாள். மணிக்கூட்டுக் கணக்கில், உமது பாடசாலை காலையில் தொடங்கும் நேரத்தை வரைந்து காட்டுக என்று ஒரு கேள்வி. பெரிய முள் ஆறில், சின்ன முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என்று வரைந்திருக்க வேண்டும். வகுப்பு முழுக்க ஒன்பது வரைந்திருந்தது. ஒருத்தர் மிச்சமில்லாமல் ஒன்பது. தாள்களை மேலிடத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து பள்ளிக்கூடம் ஒன்பதுக்குத் தொடங்குகிறது என்று எழுதிக்கொடுத்தால் ரீச்சரின் கதி என்ன?

"படகு வந்தால்தான் பள்ளிக்கூடம் துவங்கும் எண்டு சங்கக்கடையிலை நிண்டு சொன்னது நீங்கள்தானே?" என்றாள் ரீச்சர். "பிள்ளையளுக்கு நீங்கள்தான் சொல்லிக்குடுத்து எழுத வைச்சிருக்கிறியள். நான் என்ன வேணுமெண்டோ பிந்தி வாறன்? விடிய நாலு மணிக்கு எழும்புறன் அம்மா."

சொன்னது உண்மை, சொல்லிக்கொடுத்தது பொய். இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? நான் வாயைத் திறப்பதற்குள் அதிபர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"இப்பிடி ஆளையாள் நம்பாமல் இருந்தால் பிள்ளைக்குத்தான் பாதிப்பு. யோசிச்சுப் பாத்தால் விடுதிப் பள்ளிக்கூடம் அவாக்கு நல்லம்தானே. அங்கை அதுக்கெண்டு படிச்ச ஆக்கள் இருக்கினம். நான் கதைச்சு இடம் எடுத்துத் தாறன்."

தேன் தடவின சொல். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தலைக் கணக்குக்குச் சேர்த்தார்கள், தலையிடி வந்ததும் கழிக்கிறார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழவில்லை. அழுதால் சம்மதம் என்று எடுத்துவிடுவார்கள். ஏதாவது செய்யவேண்டுமே என்று மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மணிச் சத்தத்தைத் தினமும் காதால் கேட்கிற பிள்ளைகள் இவர்கள். ஏழரை என்று தூக்கத்திலும் சொல்வார்கள். இந்தப் பிழையை இயல்பாய் விடக்கூடிய பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மணி கேட்காத பிள்ளை.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஆடின விரல்கள் நினைவுக்கு வந்தன.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னால் என் மகள்தான் வகுப்பைக் கெடுத்தாள் என்று ஆகும். சொல்லாவிட்டால் நான் கெடுத்தேன் என்று ஆகும். எப்படியும் விடுதிதான். சரி, உண்மையோடே போவோம் என்று, "சேர், மகளையும் பக்கத்து வளவுப் பிள்ளையையும் கூப்பிடுங்கோ" என்றேன்.

இருவரும் வந்தார்கள். பக்கத்து வளவுப் பிள்ளை தாள்களைக் கண்டதுமே அழத் தொடங்கிவிட்டாள்.

"நாங்கள் அவாவைத்தான் பாத்தனாங்கள் சேர். கேள்வி நம்பரை முதல் காட்டுவா, பிறகு விடையைக் காட்டுவா. முதுகுக்குப் பின்னாலை."

"மணி உனக்குக் கேக்கிறதுதானே? ஒன்பது எண்டு எப்பிடி எழுதினனீ?" என்று அதிபர் கேட்டார்.

"அவா ஒன்பது காட்டினவா. அவா பிழை விடமாட்டா எண்டு நாங்கள் யோசிக்காமல் எழுதீட்டம்."

பார்த்து எழுதுகிறாள் என்று பிரித்துத் தனியே முன்னுக்கு இருத்தின ரீச்சருக்கு, அப்படி இருத்தினதால்தான் முழு வகுப்புக்கும் அவள் கை வசதியாய்த் தெரிந்தது என்பது மெல்ல மெல்ல உறைத்தது. எனக்கோ கோபம், வெட்கம் எல்லாவற்றையும் மீறிப் பெருமை பொங்கியது. காது கேட்கிற ஒரு வகுப்பே என் பிள்ளையின் விரலைப் பார்த்துச் சோதனை எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று கன்னத்தை உள்ளுக்குக் கடித்துக்கொண்டேன்.

ரீச்சர் எழும்பி வந்து என் மகளின் முன்னால் குந்தி இருந்தாள். முகத்துக்கு நேரே முகம். அந்த வருடத்தில் அவள் அப்படிச் செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பள்ளிக்கூடம்... எத்தினை மணிக்கு... துவங்கும்?"

மகள் உதட்டைப் பார்த்தாள். ஒன்பது விரல் காட்டினாள். ஏன் என்று ரீச்சர் கையை விரித்தாள். மகள் வெளியே தொங்கிய மணியைக் காட்டிக் கையை உதறினாள். வாயசைத்துப் பிரார்த்தனை சொல்வதுபோல் காட்டி, அதற்கும் கையை உதறினாள். பிறகு அலையில் ஆடி வரும் படகைக் கையால் காட்டினாள். கடைசியில் ரீச்சரின் நெஞ்சில் விரலை வைத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் இரண்டு கையையும் விரித்தாள்.

வழக்கம்போல் ரீச்சரும் அதிபரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் வந்தால்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம் துவங்குது எண்டு சொல்லுறாள் ரீச்சர்" என்றேன். ரீச்சர் அழுதுவிட்டாள். அந்தக் கண்ணீரையும் நான் முழுதாய் நம்பவில்லை, படகில் வந்த களைப்பும் அதில் இருந்திருக்கும். ஆனால் அதிபரைத் திரும்பிப் பார்த்து, "சேர், பிள்ளை என்ரை வகுப்பிலையே இருக்கட்டும்" என்று அவள் சொன்னதை நம்பினேன். விடுதிப் பேச்சு அதோடு நின்றது. வகுப்புக்கு மறுசோதனை வைத்தார்கள். மகளின் மேசையை ரீச்சர் தன் மேசைக்குப் பக்கவாட்டில், சுவரோடு முதுகு இருக்கும்படி திருப்பிப் போட்டாள். இனி ரீச்சரின் வாய் அவளுக்குத் தெரியும், அவள் கை யாருக்கும் தெரியாது.

வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்த கணவருக்குச் சொன்னபோது வலையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உன்ரை பிள்ளைதானே" என்றார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். இனிமேல் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று காட்டினாள்.

அந்த ஒரு அசைவில் என் பெருமை முழுவதும் இறங்கிப்போனது. நான் சந்தேகப்பட்டது சரிதான். வேப்பமரத்தடி வட்டம், விரல் பழக்கம், சிரிப்பு எல்லாம் விடைக்காகத்தானா? இந்தப் பிள்ளையும் அது தெரிந்தே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். விடை முடிந்தால் உறவும் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒரு தலை, வகுப்புக்கு ஒரு கை. பிள்ளையாய் அவளை யாருக்கும் தேவையில்லையா? அப்படியென்றால் நான் எதற்கு விடுதி வேண்டாம் என்று அடம் பிடித்தேன்? அங்கேயாவது இவளைப்போல் நாலு பிள்ளைகள் இருக்கும். அன்று முதல்முறையாக, அனுப்பியிருக்கலாமோ என்று நினைத்தேன்.

தவணை விடுமுறை வந்தது. சோதனையும் இல்லை, விடை கேட்க ஆளும் இல்லை. இப்போது யாராவது வருகிறார்களா பார்ப்போம் என்று, கடை பூட்டினதும் படலையடியைக் கூட்டத் தொடங்கினேன். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். யாரும் வரவில்லை. மகள் மதில் கல்லில் ஏறி இருந்து தெருவைப் பார்த்தாள். பக்கத்து வளவிலிருந்து சத்தம் கேட்கும், பிள்ளை வெளியே வராது. நன்றி கெட்டதுகள் என்று வாய்க்குள் திட்டினேன். ராவில் படுத்துக்கொண்டு கணவரிடம், அந்த விடுதிக்கு எப்போது பிள்ளைகளை எடுப்பார்கள் என்று மெதுவாய் விசாரித்தேன். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

ஒரு பின்னேரம் படலை திறந்தது. பக்கத்து வளவுப் பிள்ளையும் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் சிலரும். நான் விளக்குமாற்றோடு வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ? ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

"பாத்து எழுதினதுக்கு அம்மா வெளியிலை விடேல்லை மாமி. இண்டைக்குத்தான் விட்டவா."

"விட்டவுடனை இஞ்சை ஓடி வந்தியள். என்ன, விடுமுறைக் கணக்குச் செய்து தரவேணுமோ?"

"இல்லை மாமி. தரவைப் புல்வெளியிலை குதிரை குட்டி போட்டிருக்கு. அவாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்."

நான் அவர்களின் கைகளைப் பார்த்தேன். கொப்பி இருக்கிறதா, பென்சில் இருக்கிறதா என்று. எல்லோருக்கும் வெறுங்கை. அதற்குள் மகள் மதிலால் குதித்து ஓடி வந்துவிட்டாள். அவர்கள் என்னைத் தாண்டி அவளோடு விரலால் பேசத் தொடங்கினார்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். என் குசினிப் பாசையில் இருந்த அசைவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் வந்தன, மற்றதெல்லாம் நான் கண்டதேயில்லை. மகள் பதில் சொன்னாள், ஒருத்தி மறுத்தாள், இன்னொருத்தி இடைமறித்தாள், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மகள் என் பக்கம் கையைக் காட்டி நீளமாய் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னடி சொல்லுறாள்?" என்று பக்கத்து வளவுப் பிள்ளையைக் கேட்டேன். என் மகள் சொல்வதை இன்னொருவரிடம் நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவள் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள்.

"அம்மாவோடை கதைச்சுக்கொண்டு நிண்டால் இருட்டிப்போம், வாங்கோ ஓடுவம் எண்டு சொல்லுறா மாமி."

சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வழியை விட்டு விலகி நின்றேன்.